மைனர் சாமியாரான விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் ஆடுகளும் நலம். அளவுக்கு மீறிய நலம் என்பதுதான் விஷயமே. மகள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

புறப்படும்போது வாசலில் நின்று, "இந்தத் தடவையும் குட்டி இல்லேன்னா பட்டிய வித்துட்டு மகளோடயே போயிடுவேன் மாமா" என்றீர்களே, அதைச் சொல்லிச் சொல்லி உங்கள் அக்கா இன்னும் கண்ணைக் கசக்குகிறாள். அதனால்தான் உங்கள் செம்மறிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டேன். வம்பே அங்குதான் ஆரம்பம். ஓய்வு பெறும்வரை மின்கம்பம் ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த கை இது. கொட்டகை இருட்டிக் கிடப்பதைப் பார்த்துச் சும்மா இருக்குமா? பிரமாதமாக ஒரு விளக்கை மாட்டினேன். பொழுது சாய்ந்தால் போடுவேன், விடிந்தால்தான் அணைப்பேன். பகல் சுருங்கிக் குளிரும் வந்துவிட்டது. ஊரே மைனர் என்று அழைக்கும் உங்கள் கிடா மட்டும் பெட்டை ஆடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதுகளும் அவனைச் சட்டை செய்யவில்லை. உங்கள் ஞாபகமோ என்று உங்கள் பழைய சட்டையைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன், தின்றுவிட்டான். குளிப்பாட்டித் துவட்டிவிட்டேன்; தூங்கிவிட்டான். போட்டிக்கு ஆள் வந்தால் ரோஷம் வருமென்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய கிடாவை இரவல் வாங்கி விட்டேன். வந்த வேகத்தில் அது முட்டத்தான் செய்தது. நம் விளக்கடியில் சில வாரம் குடியிருந்ததும் அதுவும் அடங்கிப்போய், இரண்டும் ஒரே தொட்டியில் வாய்வைத்துத் தின்கின்றன. தோட்டக்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

கடைசியில் மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அந்தம்மா கிடாவைப் பார்க்கவேயில்லை, விளக்கைத்தான் பார்த்தார்.

"இருட்டுலதான் மூளைக்குள்ள மெலடோனின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும் ஐயா. ராத்திரி நீள நீள அது அதிக நேரம் சுரக்கும். அத வச்சுத்தான் குளிர்காலம் வந்துடுச்சுன்னு ஆட்டோட உடம்புக்குத் தெரியும். இப்பச் சேர்ந்தாத்தான் வசந்தத்துல புல்லு முளைக்கறப்பக் குட்டி பிறக்கும். நீங்க விடிய விடிய வெளிச்சம் போட்டா, அதுங்க இன்னும் கோடைன்னுல்ல நெனச்சுட்டிருக்கும்?"

"எல்லா மிருகமும் இப்படித்தானாம்மா?"

"குதிரைக்கு நேர் எதிர். பகல் நீண்டாத்தான் சேரும். உங்களுக்கு ஆடுதான் கிடைச்சுது. இனிமே சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டாக்கூடக் காரியம் கெட்டுடும்."

நீங்கள் குதிரை வளர்த்திருந்தால் நான் இன்று எங்கேயோ போயிருப்பேன். போகட்டும். சில வாரம் இருட்டில் இருந்தால் மைனர் பழையபடி மைனராகிவிடுவானாம். ஆகவே பட்டியை விற்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் அக்காவுக்காக மட்டும் கேட்கவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் வாக்குவாதம் செய்ய ஆளில்லாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை.

உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: வீட்டில் உங்கள் அக்கா தொலைக்காட்சியை அலறவிடுவதால், டாக்டரம்மா வந்துபோன நாளிலிருந்து இத்தனை வாரமாகச் சாயங்காலந்தோறும் கொட்டகையில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மைனர் என் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறான். இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று இப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். இதற்குமேல் எழுத்து கோணலாகப் போனால், அணைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டி விஷயத்தை மட்டும் அடுத்த குளிர்காலம்வரை தள்ளிப்போடுங்கள், மாப்பிள்ளை.