எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ஸ்வீடன்காரன் குண்டு

மரியாதைக்குரிய கொழுந்தனார் லுதோமிர் அவர்களுக்கு, அண்ணி கெனோவெஃபா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கு நான் நலம். உங்கள் அண்ணன் ஸெனோன் நாற்காலியில் நலம். தாங்கள் கடற்கரைக் காற்றில் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக உங்கள் அண்ணன் வாசலைத் தாண்டவில்லை. சக்கர நாற்காலி நுழையக் கதவில் நாலு விரல் அகலம் போதவில்லை. பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் இடித்தால் சரியாகிவிடும் என்றார் கொத்தனார். ஆனால் புராதனக் கட்டடங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள், சுவரில் பதிந்திருக்கிற பீரங்கிக் குண்டைத் தடவிப் பாத்துட்டு, "முந்நூறு வருஷத்துக்கும் முன்னாடி ஸ்வீடன்காரன் படையெடுப்புல வந்து விழுந்தது, இதுல கைவச்சா வழக்குதான்"னு சொல்லிட்டா. ஆதாரம் கேட்டேன். நீங்க எழுதின ஊர் வரலாற்றை நீட்டினா, நாப்பத்தொண்ணாம் பக்கம். குண்டு விழுந்தப்போ மணிக்கூண்டே ஆடிச்சாமே. சரித்திர வாத்தியாருக்கு வெட்கமா இல்லையா தம்பி? அது உங்க அம்மா முட்டைக்கோசை உப்புப் போட்டுப் புளிக்கவைக்கிற பீப்பாயில பாரத்துக்கு வச்ச கல்லு. நாட்டோட ஆயிரமாண்டு விழா வருஷம், வெளியூர்க்காரங்க நம்ம வீட்டை மட்டும் திரும்பியே பாக்கலைன்னு அண்ணனும் தம்பியுமா சுண்ணாம்பு குழைச்சுப் பதிச்சீங்க. கல்லைக் காணோம்னு அத்தை பக்கத்து வீட்டுக்காரியைத் திருடின்னு சொல்லி, சாகிறவரைக்கும் அவளோட பேசலை. மழை பெஞ்சா இப்பவும் அந்தச் சுவர்ல புளிச்ச வாடை அடிக்குது. அந்த அலுவலக அம்மா அதை வெடிமருந்து வாடைன்னு குறிச்சுக்கிட்டுப் போறா.

நான் சொன்னதுக்கு அவ சிரிச்சா. உங்க அண்ணனைக் கேட்டா, ஜன்னலைப் பாத்துக்கிட்டு வாயே திறக்கலை. பேச்சு வரலைன்னு நினைச்சேன். இனி, குண்டு கதை பொய்யின்னு நீங்க எழுதிப் போடுற கையெழுத்துதான் கதி. போன்ல கேட்டப்போ, "என் பேரு என்னாகும் அண்ணி"ன்னீங்க. அவரு போன வருஷம் புனிதர்கள் திருநாளுக்கு அத்தை கல்லறையில விளக்கேத்தணும்னு கோட்டு மாட்டி காலையிலேருந்து உக்காந்திருந்தார். சாயங்காலம் நான்தான் கழட்டிவிட்டேன்.

இத்துடன் வெள்ளைத்தாளும் உறையும் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்கட்டும்.

பி.கு.: இதை அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு இருக்கும்போதே ஜன்னலுக்கு வெளிய ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து நின்னுச்சு. கோணின வாயோட உங்க அண்ணன் ஸ்வீடன்காரன் கதையை முழுசாச் சொன்னார். கை தட்டினாங்க. அவங்க போனதும் என்கிட்ட, "வெளிய போனா நான் வெறும் நாற்காலிக் கிழவன்டி, இங்க இருந்தா என்னைத் தேடி வந்து நிக்கிறாங்க"ன்னார். கையெழுத்து வேண்டாம். உங்க புத்தகம் இருபது அனுப்பணுமாம், கூட்டம் கேக்குதாம். கல்லறைக்கு இந்த வருஷமும் நான் தனியாப் போயிக்கிறேன்.