வழியெங்கும் வெள்ளை வேட்டி

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு விமானம் ஓட்டத் தெரியும். எங்கே ஓட்டுகிறோம் என்பதுதான் தெரியாது.

அறுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு, பெங்களூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் விமானம் கழுவிக்கொண்டிருந்தேன். நான் இறக்கை துடைக்கிற மும்முரத்தைப் பார்த்து மனமிரங்கிய கேப்டன், ஓய்வு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். (திட்டுவதெல்லாம் கன்னடத்தில். ஓசூர்க்காரனுக்குக் கன்னடம் புரியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.)

அப்போதுதான் கெலமங்கலத்தில் உங்கள் அம்மாவைப் பெண் கேட்டோம். மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறார் என்று எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா நம்பவில்லை.

"கழுவறவன்னுதான் கேள்விப்பட்டேன். ஓட்டறவனா இருந்தா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க ஊர் மேல வந்து சுத்தட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

கேப்டனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். தாத்தாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டேன்: சந்தை மைதானத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள், அந்த அடையாளத்தைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றுகிறேன். கவரில் போட்டிருக்க வேண்டும். தபால்காரர் அதை வழியிலிருந்த ஊருக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டார். விமானம் வருகிறதென்றால் எந்த ஊர் சும்மா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஓசூரைத் தாண்டியதும் கீழே வெள்ளை வேட்டி. மூன்று சுற்றுச் சுற்றிக் கையசைத்தேன். ஜனங்கள் துண்டை வீசினார்கள். பெருமையோடு நிமிர்ந்தால், தூரத்தில் இன்னொரு வேட்டி. ஒருவேளை அதுதான் கெலமங்கலமோ? அங்கேயும் மூன்று சுற்று. அதற்கப்பால் இன்னொன்று. (பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் நாலு ஓட்டுக்கூரையும் ஒரு ஏரியும்தான்.)

"எல்லப்பா நின் ஊரு?" என்றார் கேப்டன். எங்கேப்பா உன் ஊர் என்று கேட்கிறார்.

"இதுதான் சார்" என்றேன், மூன்றாவது முறையாக.

அவர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பினார்.

மறுநாள் பஸ் பிடித்துக் கெலமங்கலம் போனேன். முந்தின நாள் மத்தியானம் வரை அண்ணாந்து நின்றதில் ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்துச் சுளுக்கு. தாத்தா என்னை உட்காரச் சொல்லவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

அன்று சந்தை நாள். பக்கத்து ஊர்க்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க வாசலில் கூடிவிட்டார்கள். விமானம் தங்கள் ஊருக்குத்தான் முதலில் வந்தது என்று ஒருவர் தமிழில் சொல்ல, தங்கள் ஊரில்தான் ரொம்பத் தாழப் பறந்தது என்று இன்னொருவர் தெலுங்கில் மறுக்க, மூன்றாவது ஊர்க்காரர் கன்னடத்தில் குறுக்கே புக, சண்டையே மூண்டுவிட்டது.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு ஊரு சாட்சி சொல்லுது, ஓட்டறவன்தான். வழிதான் தெரியல. அது பரவால்ல, எம்பொண்ணுக்குத் தெரியும். உக்காருங்க மாப்ள."

அன்றிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாலும் ஜன்னலோரம் உங்கள் அம்மாவுக்குத்தான். இறங்கலாமா என்று நான் அவளைத்தான் கேட்கிறேன். பஸ்ஸில் இருக்கிறவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பீர்களே, இதற்குத்தான்.