கும்பிடாத கைக்கு ஒரு விளக்கம்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி பூபதிராஜா அவர்களுக்கு, யோகப்பிரியாவின் அப்பன் ஆறுமுகசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் மாடு கன்றுகளும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பத்து நாளாக நீங்கள் என் போனை எடுப்பதில்லையே.

புரோக்கர் வந்து சொன்னார்: "உப்பு சர்க்கரை மாத்தி நிச்சயம் பண்ணுன அன்னிக்குப் பொண்ணோட அப்பன் கையெடுத்துக் கும்புடலைன்னு சம்பந்தி கோவமா இருக்காருங்க. கல்யாணத் தேதி குறிக்க மாட்டேங்கறாருங்க." உங்கள் தம்பி வேறு, கேரளா செக்போஸ்ட் தாண்டினால் எங்களுக்கு மரியாதை மறந்துபோகும் என்றாராம். மறக்கவில்லைங்க, கை எழும்பவில்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலையில் வேலியில் சிக்கிய ஆட்டை இழுக்கப்போய்த் துருப்பிடித்த முள்கம்பி என் காலைக் கிழித்தது, வீட்டுக்காரி செல்லாத்தாள் விடாமல் ஆரோக்கிய கேந்திரத்துக்கு ஓட்டினாள், நர்ஸ் ஜோமோள் இடது புஜத்தில் டி.டி. ஊசி போட்டார், மத்தியானத்துக்குள் போட்ட இடம் எலுமிச்சங்காய் அளவு வீங்கிச் சிவந்தது, செல்லாத்தாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள், தோல் வெந்துபோனது, பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி விளக்கெண்ணெய் விட்டுப் பரோட்டா மாவு பிசைகிற மாதிரி நீவினான், வீக்கம் முழங்கை வரை இறங்கியது, மறுபடி கேந்திரத்துக்கே ஓடினேன்.

ஜோமோள் தலையில் அடித்துக்கொண்டார். "சேட்டா, ஒண்ணும் தடவண்டான்னு ஞான் பறஞ்சேன்ல? மருந்துல கொஞ்சம் அலுமினிய உப்பு உண்டு. அது மருந்தை அங்கேயே பிடிச்சு வெச்சு, உடம்புக்குள்ள இருக்கற காவல்காரங்களை விளிக்கும். அவங்க கூட்டமா வந்தா அந்த எடம் சிவக்கும், வீங்கும், நோவும். ரெண்டு மூணு நாள்ல தானே போகும். ஈரத்துணி வெச்சா மதி, அது போதும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. முப்பது பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எண்பத்துநாலு பேரோடு நீங்கள் வந்து இறங்கியபோது எங்கள் வாசலும் அப்படித்தான் வீங்கியது. ஊசி விஷயத்தைப் புரோக்கரிடம் சொல்லி அனுப்பியதற்கு, அலுமினியம் ஏறின உடம்புக்காரன் வீட்டில் பெண்ணெடுக்கலாமா என்று உங்கள் தம்பி கேட்டாராம். நாற்பது வருஷமாக அவருக்குச் சோறு வேகிற குண்டா எதில் செய்தது என்று வீட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆக, உங்களைக் கண்டதும் வலது கையை மட்டும்தான் தூக்க முடிந்தது. பஸ்ஸை நிறுத்துகிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். யோகப்பிரியா ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு வாரமாகிறது. மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் கைக்கும் அவள் கழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்? பெரிய மனசு பண்ணித் தேதியைக் குறித்து அனுப்புங்கள்.

மாரியாத்தா புண்ணியத்தில் உங்கள் தென்னை குலை தள்ளட்டும், உங்கள் வாசலில் சீக்கிரம் பந்தல் கால் எழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை நாடும்
ஆறுமுகசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் செல்லாத்தாள் வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங்க, ஊசி போட்டது உப்பு சர்க்கரைக்கு மறுநாளுங்களே," என்றாள். ஆமாங்க, மறுநாள்தான். ஊசி நிஜம், வீக்கம் நிஜம், தேதி மட்டும் பொய். அன்றைக்கு என் இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. வாசலில் செல்லாத்தாள் உங்களைக் கும்பிட்டபடி நின்றாள். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனீர்கள். அதைக் கண்டு எடுத்த கையை இறக்கிவிட்டேன். இதையெல்லாம் எழுத வேண்டாம், பிள்ளை வாழ்க்கை என்று செல்லாத்தாள் கெஞ்சுகிறாள். யோகப்பிரியா என் பக்கத்தில் நின்றுகொண்டு, "எழுதுங்கப்பா," என்கிறாள்.