மாப்பிள்ளை கொடுத்த சீட்டும் மாப்பிள்ளைக்கு வைத்த பெயரும்

கீவி ஏரிக்கரை,
வட மினசோட்டா.
நவம்பர் மாதம், மான் வேட்டை தொடங்கிய இரண்டாம் வாரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. நியா சூ மூவா அவர்கள் சமூகத்திற்கு,

ரெய்னோ கங்காஸ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி லெம்பி, மகள் கைசா, நம் இரு வீட்டுக்கும் பொதுவான பேரன் எல்லோரும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தங்கள் மகன். செயின்ட் பாலில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அணில் வேட்டையில் இந்த ஆண்டும் தங்கள் கைதான் ஓங்கியிருந்ததாகக் கைசா சொன்னாள். சந்தோஷம்.

தாங்கள் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பேரன் பிறந்துவிட்டான், ஆகவே தங்கள் மோங் வழக்கப்படி மாப்பிள்ளை யெங்குக்கு ஒரு பெரியவர் பெயர் சேர்க்கவேண்டும், அதைப் பெண் கொடுத்தவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மாதக் கடைசியில் எல்லோரும் விருந்துக்குக் கூடும்போது மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி அதைச் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சம்பந்தி, எங்கள் பின்லாந்து வம்சத்தில் நாய்க்கும் படகுக்கும் பெயர் வைத்துப் பழக்கம் உண்டு. மீசை முளைத்த ஆணுக்கு வைத்ததில்லை. இலையுதிர் காலம் முழுக்க யோசித்தும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை தட்டுப்பட்டது. எப்படி என்று தாங்கள் அவசியம் அறியவேண்டும், ஏனென்றால் தங்கள் மகன் இதையெல்லாம் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லமாட்டார் என்பது அவர் மேல் எனக்குள்ள புகார்களில் முதலாவது.

அன்று விடியுமுன்னே நானும் பக்கத்து வீட்டு லூடியும் ஆளுக்கொரு ஏ.டி.வி.யில், அதுதான் அந்த நாலு சக்கரக் காட்டு வண்டியில், கிளம்பினோம். பழைய ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுக் காட்டுச் சாலையாக ஆக்கியிருக்கிறார்களே, அதில்தான். நான் முன்னால், லூடி பின்னால். என் துப்பாக்கி முழங்கால் மேல் இருந்தது. அதற்குள் ஒரு தோட்டாவும் இருந்தது. வழியில் மான் நின்றால், நான் இறங்கித் தோட்டா போடும்வரை காத்திருக்க அதற்குப் பொறுமை இருக்காது என்பது என் எண்ணம். வளைவில் திரும்பினேன். சாலை நடுவில் ஒரு கைவிளக்கு. யாரடா என்று பார்த்தால் வேட்டைக் காவல் அதிகாரி சீருடையில் நம் மாப்பிள்ளை! எனக்கு ஒரே மகிழ்ச்சி. "வாங்க மாப்பிள்ளை, காப்பி இருக்கு, குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "காலை வணக்கம் மாமா. துப்பாக்கிய ஒரு நிமிஷம் குடுங்க" என்றார். கொடுத்தேன். திறந்து பார்த்தார். தோட்டா உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, என் வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்டதுபோல அத்தனை வருத்தமாகப் பார்த்தார்.

"வண்டியில போறப்போ தோட்டா இருக்கக் கூடாது மாமா."

"தெரியும் மாப்பிள்ளை."

"தெரிஞ்சிருந்தா இன்னும் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

லூடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொந்த மாமனாருக்குச் சீட்டா! இதுக்கெல்லாம் உனக்கு அதிகாரம் இருக்காப்பா?" என்று கேட்டான். மாப்பிள்ளை கோபப்படவில்லை. "வேற அதிகாரிதான் எழுதணும்னா கூப்பிடறேங்க. அவர் நூறு மைல் தள்ளி இருக்காரு. வர்ற வரைக்கும் ரெண்டு வண்டியும் நகரக் கூடாது" என்றார். லூடி வாயை மூடிக்கொண்டான். மூடியும் பலனில்லை. வேட்டைக்காரர் கட்டாயம் போடவேண்டிய ஆரஞ்சுச் சட்டையை அவன் போடாமல், இருக்கை மேல் மெத்தையாக விரித்து உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டது. அவனுக்கும் ஒரு சீட்டு. எனக்கான சீட்டை அவர் இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல நீட்டினார். நானும் என்ன செய்கிறேன் என்று புரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை, சம்பந்தி.

பிறகு என் இடத்துக்குப் போய், சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்தேன். விதி தங்களுக்குத் தெரிந்ததுதான். மான் சுட உரிமம் வாங்கியவர் யாரும் சுட அனுமதியுள்ள பகல் நேரத்தில் இந்த வண்டியை ஓட்டக் கூடாது. நடுவில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும் ஓட்டலாம். அப்புறம் பொழுது சாய்ந்த பிறகுதான். இந்த விதியை எழுதியவன் குளிரில் உட்கார்ந்தே இராதவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று மதியம் வண்டிகள் போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். ஒரு முயல்கூட எட்டிப் பார்க்கவில்லை. நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது காட்டில் சத்தம் என்பதே இல்லை. கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் வாய்ப்பும் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கும்போது ஆல்டர் புதருக்குள்ளிருந்து வந்தது பாருங்கள் ஒரு கலைமான்! கழுத்து ஒரு பீப்பாய் அளவு. கொம்பைப் பார்த்து, புதர்தான் எழுந்து நடக்கிறதோ என்று நினைத்தேன். இருட்டில் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நிதானமாக வந்தது. சுட்டேன். விழுந்தது.

சத்தம் கேட்டு லூடி ஓடி வந்தான். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். வயதுக்கு அது நல்லதில்லை, இருந்தாலும் குதித்தோம். குடலை எடுத்து, அடையாளச் சீட்டும் கட்டி, சாலை வரைக்கும் கொண்டுவந்து போட்டபிறகுதான் நிலைமை உறைத்தது. வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. வீட்டுப் பக்கத்துச் சாலை முனைக்கு இரண்டு மைல். பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது.

"எடுப்பா வண்டிய, இங்க யாரு பாக்கப் போறா? மரமா பாக்கும்?" என்றான் லூடி.

நான் ஏறி உட்கார்ந்தேன். சாவியையும் போட்டேன். மறைக்க மாட்டேன், போட்டேன். அப்போது பின்னாலிருந்து, "நல்ல மான், மாமா" என்று ஒரு குரல். எப்போது வந்தார், எந்தப் பக்கமாக வந்தார், ஒரு சுள்ளி முறிந்த சத்தமும் கிடையாது. இந்தச் சத்தமில்லாத நடை தங்கள் வளர்ப்பு என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, நான்..."

"சாவி உள்ள இருக்கு. இன்னும் திருகல. திருகாத வரைக்கும் நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க, அவ்வளவுதான். நல்ல இருக்கை."

சாவியை எடுத்துவிட்டேன். "பொழுது சாயட்டும் மாமா, அப்புறம் ஓட்டிட்டுப் போங்க, நானே ஏத்தி விடறேன்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் காலைச் சீட்டைப் பற்றி விசாரிப்பான். "வேண்டாம். இழுத்துக்கிட்டே போறேன். கிழவன் செத்தா சாகறான்" என்றேன். மனம் இளகி, சரி போங்கள் என்று விட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு. தங்கள் மகன் என்ன செய்தார் தெரியுமா? மேல்கோட்டைக் கழற்றி மடித்து என் வண்டி மேல் வைத்தார். கயிற்றை எடுத்துக் கொம்பில் சுற்றினார். "காலுக்கு எந்தத் தடையும் இல்ல மாமா. போலாம்" என்றார். என் முதுகின் கதை இங்கே தொடங்குகிறது.

பாதி தூரம் வந்திருப்போம். மூச்சு எனக்கு எங்கெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு ஏ.டி.வி. சத்தம். மாப்பிள்ளை கயிற்றைப் போட்டுவிட்டுச் சாலை நடுவில் போய்க் கையை உயர்த்தினார். வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது யார்? நம் கைசா! குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, காலையில் தானும் வேட்டைக்கு உட்கார்ந்துவிட்டு, அப்பா பசியாக இருப்பாரே என்று இறைச்சி அடைத்த பாஸ்டியும் காப்பிக் குடுவையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆரஞ்சுச் சட்டையில் மான் உரிமம் குத்தியிருக்கிறது. நேரமோ இரண்டுக்கு மேல். லூடி என் காதோரம், "இப்பப் பாரு, சட்டம் எப்படி வளையுதுன்னு" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வளையட்டும் என்றே வேண்டிக்கொண்டேன். கைக்குழந்தை உள்ள வீடு, சம்பந்தி.

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது.

"உரிமம் பாக்கணும்."

கைசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அம்மாவின் பார்வை அது. நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

"எழுது" என்றாள். "பேரு கைசா மூவா. வீட்டுக்காரர் பேரும் சொல்லணுமா?"

"வேண்டாம். ஞாபகம் இருக்கு."

எழுதினார். ஓர் எழுத்தும் கோணவில்லை. கிழித்து இரண்டு கையாலும் நீட்டினார், தலை குனிந்து. எனக்கு நீட்டியதைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தார் என்று தோன்றியது. அவள் முழுக்கப் படித்து, மடித்து, பைக்குள் வைத்தாள். "வண்டி?" என்றாள். "இங்கயே நிக்கட்டும், பொழுது சாஞ்சதும் எடுத்துக்கலாம்." "காப்பி?" "காப்பிக்கு விதி ஒண்ணும் இல்ல." எனக்கு ஊற்றினாள், லூடிக்கு ஊற்றினாள். மாப்பிள்ளை தள்ளி நின்று மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் கடைசியாக ஒரு பாஸ்டியை எடுத்து, நடுவே பிய்த்து, பெரிய பாதியை அவர் கையில் திணித்துவிட்டு, "தின்னு. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட" என்றாள். அதன்பின் கயிற்றின் மறு முனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் பக்கம் பக்கமாகக் குனிந்து இழுத்தார்கள். இருவர் காலடியும் ஒன்றாகவே விழுந்தது. நான் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் காற்று என்று லூடியிடம் சொன்னேன்.

அப்படி வரும்போதுதான் எனக்கு உறைத்தது, சம்பந்தி. மதியம் முழுக்க வண்டிகள் இரைந்தபோது தலைகாட்டாத மான், இரைச்சல் அடங்கிய பிறகுதானே இறங்கி வந்தது? நான் ஊரெல்லாம் திட்டிய விதிதான் அதை என் காலடியில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. மாப்பிள்ளை இதைச் சொல்லிக்காட்டியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் இரண்டு மைலும் சொல்லிக்கொண்டே வந்திருப்பான். அவர் "மாமா, முதுகு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

பெண்டாட்டிக்கும் மாமனாருக்கும் ஒரே நாளில் சீட்டு எழுதிய செய்தி ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சாலையில் விதி சொல்லும் நேரத்தில் ஓர் இயந்திரம் உறுமவில்லை. லூடி இரண்டு மணி தாண்டிவிட்டதென்று வண்டியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க மேட்டில் தள்ளிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். "ஓட்டல, தள்ளறேன், தள்ளறேன்!" என்று மரங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தான். மரத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை இல்லை. இருந்தாலும் கத்தினான்.

ஆகவே பெயருக்கு வருகிறேன். எங்கள் மொழியில் 'சுவோரா' என்றால் நேரானது, வளையாதது. சுவோரா யெங் மூவா. லெம்பி இது டிராக்டர் பெயர்போல இருக்கிறது என்கிறாள். நான் தீர்மானித்துவிட்டேன். தங்கள் மகனைப்போல நேரான மனிதரை இந்த ஏரிக்கரை கண்டதில்லை. என் மகளை அவர் கையில் கொடுத்ததற்கு நான் பெருமைப்படுகிறேன். சீட்டை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்துக்கும் எழுதிவிட்டேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு எங்கள் முத்தம். தங்கள் வீட்டில் சோறும் எங்கள் வீட்டில் விறகும் என்றும் குறையாதிருக்கட்டும். நூல் கட்ட வருகிறோம். மான் தொடை ஒன்றும் கூடவே வரும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ரெய்னோ கங்காஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போன சமயம் மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். ஆகையால் மேலே எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். லெம்பி அந்த மானின் ஈரலில் சோறு, உலர்ந்த திராட்சை, சர்க்கரைப் பாகு எல்லாம் கொட்டி அடுப்பில் வைத்து எடுத்திருந்தாள். அதை எங்கள் நாயே மோந்து பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் போய்விடும். "எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டாள். கைசா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தங்கள் மகன் கண்ணை இமைக்காமல், "அருமையா இருக்கு அத்தை" என்றார். இன்னும் கொஞ்சம் என்றாள். "போடுங்க அத்தை" என்றார்! கல்யாணமான நாளிலிருந்து நானே சொல்லத் துணியாத பொய், சம்பந்தி. வாசலில் வைத்து, "என்ன மாப்பிள்ளை இது?" என்று கேட்டேன். "சமையலறை என் எல்லைக்குள்ள வராது மாமா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆகவே சுவோரா பொருந்தாது, அடித்துவிடுங்கள். லெம்பி பூரித்துப்போய்த் தன் அப்பாவின் பெயரையே வைக்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். இதுவரை யாருக்கும், பேரனுக்குக்கூட, அவள் கொடுக்காத பெயர். இனி தாங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை. பெயர் எய்னார். என் மாமனார் தங்கமான மனிதர். இந்த மாவட்டத்திலேயே அதிகம் சீட்டு வாங்கிய வேட்டைக்காரர் அவர்தான். காட்டுச் சாலையில் அவர் மீறாமல் விட்டுவைத்த விதி ஒன்றுகூடக் கிடையாது. மாப்பிள்ளையிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.