தராசண்ணனின் வலது கை

பாலக்காடு ஜில்லாவில் பொய்யே சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தராசண்ணனின் வலது கைதான். முதலமடை மாங்காய் மண்டியில் தரம் பிரிப்பவர். காயைக் கையில் வாங்கிய நொடியே எடை சொல்லி, சேர வேண்டிய பெட்டிக்கு அனுப்பிவிடுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிப் பார்த்து, மூணே கால் கிலோ, இப்போதுதான் பால் குடித்திருக்கிறது என்றார். சுகாதார நிலையத்துத் தராசும் மூணே கால் என்றது. பாலைக் குழந்தையின் அம்மா ஒப்புக்கொண்டார்.

லாஞ்சரில் பம்பரத்தை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்து, பள்ளமான தட்டில் மோதவிடும் எங்கள் கிளப்புக்கு அவர்தான் பரிசோதகர். லாஞ்சர் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி. கிளப்பில் பரிசோதிக்கும் நாளில் வலது கையால் டீ கிளாஸைக்கூடத் தொட மாட்டார். சூடு பட்டால் எடை குழம்பிவிடுமாம்.

நானோ இன்ஜினியரிங் மாணவன். விதியைப் பார்த்தாலே கை அரிக்கும். பிடிக்குள் ஈயக் குண்டு வைத்தேன், பிடித்தார். உள்ளே பைக் ஸ்பிரிங்கை மாட்டினேன், பிடித்தார். மூன்றாம் தடவை ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். அதையும் பிடித்தார். ஒரு சொட்டின் எடைகூடவா தெரியும் என்று அசந்துபோய்க் கேட்டேன்.

"சொட்டோட எடை யாருக்குடா தெரியும்? உம்பட முழியோட எடை தெரியுது."

நான்காம் தடவை யோக்கியமாக விளையாடி, மாவட்டப் போட்டிக்குத் தேர்வானேன். மாங்காய் வேனில் தராசண்ணனும் வேடிக்கை பார்க்க வந்தார். பாலக்காட்டு மண்டபத்தில் கரண்ட் இல்லை. பேட்டரித் தராசில் வரிசையாக லாஞ்சர்களை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது கரண்டும் வந்தது. என் லாஞ்சர் இரண்டு கிராம் கூடுதல். வெளியே போ என்றார் நடுவர். நான் எதையும் தொடவில்லை என்று கெஞ்சினேன். எங்கள் ஊர்க்காரன் ஒருவனே, இவன் ஏற்கெனவே மூன்று தடவை மாட்டியவன் என்று எடுத்துக் கொடுத்தான். அதற்குப்பிறகு என்னை யார் நம்புவார்கள்?

தராசண்ணன் மேடையேறினார். கடித்த வடையை இடது கைக்கு மாற்றி, வலது கையை வேட்டியில் துடைத்து, லாஞ்சரை வாங்கினார். கண்ணை மூடினார்.

"அந்த மூணு தடவையும் இவனப் புடிச்சுக் குடுத்தது நானுங்க. இன்னைக்குப் பையன் ஒண்ணும் பண்ணுலீங்க."

தராசு கூட்டிக் காட்டுகிறதே என்றார் நடுவர்.

"மேல ஃபேன் சுத்துதுங்க. காத்து தராசுத் தட்ட அமுக்குது. நிறுத்திப்போட்டுப் பாருங்க."

நிறுத்தினார்கள். இரண்டு கிராமும் காணாமல் போயின.

முதல் சுற்றிலேயே என் பம்பரம் தட்டைத் தாண்டிப் பறந்து, நடுவரின் டீயில் விழுந்தது. தோற்றேன். திரும்பி வரும்போது வேனில் கேட்டேன், நான் ஏதாவது செய்திருந்தால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று.

"அங்கியே சொல்லியிருப்பேன்" என்றார், யோசிக்கவே யோசிக்காமல்.

நிச்சயம் சொல்லியிருப்பார். அப்பேர்ப்பட்ட கைதான் அன்று எனக்காகச் சாட்சி சொன்னது. அதனால்தான், அன்று கோப்பை வாங்கியவன் மேல் எனக்கு இன்றுவரை பொறாமையே வரவில்லை.