பின்பக்கத்துக்கும் பாலீஷ் போட்ட கதை

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
ஆரம்பித்தது திங்கட்கிழமை. முடிக்கும் கிழமை இன்னும் தெரியாது.

பணகுடியில் இருக்கும் மாப்பிள்ளை வேலாயுதன் அவர்களுக்கு, மைத்துனன் இசக்கிப்பாண்டி தன் கையாலேயே எழுதிக்கொண்டது. ‘தன் கையாலேயே’ என்பதை நீங்கள் இரண்டு தடவை படித்தால் எனக்குச் சந்தோஷம். நான் சுகம். நீங்களும் தங்கச்சி மாடம்மாளும் வாசலில் கட்டியிருக்கும் ஆடும் சுகமாக இருக்க வேண்டும். இதற்கு முன்னால் உங்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் ஆள் வைத்து எழுதினேன். அதில் இருந்த நல்ல வார்த்தைகள் எழுதினவர்களுடையவை. இதில் இருப்பது என்னுடையது.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்கு ஒரு கார்தான் காரணம். ஸ்ரீவராகத்தில் பட்டாபி சாமி என்று ஒருவர், ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கிட் கார் இருக்கிறது. கிட் கார் என்றால் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், வாங்கினவனே வீட்டில் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். இப்படியும் உலகத்தில் இருக்கிறது மாப்பிள்ளை. கோட்டயத்தில் யாரோ பூட்டி ஓட்டிப் பழசாக்கிய காரை சாமி வாங்கி, மறுபடியும் ஆணி ஆணியாகக் கழற்றி, ஆறு வருஷமாகப் புதுசாக்கிக்கொண்டிருந்தார். துருப்பிடித்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பக்கத்துக் கிரில், லைட்டைச் சுற்றி வரும் வளையம், டேஷ்போர்டுத் தகடு, கண்ணாடிச் சட்டம் என்று முப்பத்தெட்டு சாமான்களை அலுமினியத்தில் தானே அளவெடுத்து வெட்டி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, வீட்டுக் கூடத்தில் பேப்பர் விரித்துப் பரப்பி வைத்திருந்தார். அதற்குப் பாலீஷ் போடத்தான் என்னைக் கூப்பிட்டார்.

நான் போன அன்றைக்கு அவர் வீட்டம்மா சூடாமணி மாமி சாமானைத் தாண்டித் தாண்டிக் காபி கொண்டுவந்தார்கள். “ஆறு வருஷமா இந்தக் கூடத்துல நாலு பேருக்கு இலை போட எடமில்லை. வர்ற விஷுவுக்குள்ள இது கார் ஆகலைன்னா, நானே ஆக்கர்க்காரனைக் கூப்ட்டு எடை போட்டுக் குடுத்துடுவேன், கேட்டேளா?” என்றார்கள். ஆக்கர்க்காரன் என்றால் இங்கே பழைய இரும்பு வாங்குகிறவன். சாமி தலையைக் குனிந்து காபியை ஒரே மடக்கில் குடித்தார். மாமி சொன்னால் செய்கிற ஆள் என்பது அவர் காபி குடித்த விதத்திலேயே தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தேன். உப்புத்தாளில் முரடு, நடுத்தரம், நைசு என்று மூன்று கை தேய்த்து, பஃப் என்கிற துணிச் சக்கரத்தில் கொடுத்தால், மாப்பிள்ளை, நான் ஐம்பது வருஷம் பித்தளையும் வெண்கலமும் பார்த்தவன், அலுமினியம் இப்படி ஒளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நிறம். அதில் என் முகம் வந்தது. இந்தக் கிழவனா இத்தனை நாள் என் கடையில் இருக்கிறான் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வேலை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயில் விளக்கு வந்தால் அடிப்பாகத்தின் உள்பக்கத்தையும் துலக்காமல் கொடுக்க மாட்டேன். மனுஷன் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் பாலீஷ் போட்டால் அது கோயில் சாமான் ஆகாது. அதே போல இதற்கும் பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஆணியால் கீறினது மாதிரி கோணல்மாணலாக ஏதோ இருந்தது. பெரிய மனுஷர், சாமானைக் கீழே போட்டு இழுத்துவிட்டார் போலிருக்கிறது என்று பாவப்பட்டு, ஒரு கீறல் விடாமல் தேய்த்து எடுத்தேன்.

கொண்டுபோய்ப் பரப்பியதும் சாமி கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஒன்றைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். “பாண்டி, பின்னாடி நான் கீறி வெச்ச நம்பர் எல்லாம் எங்கே ஓய்?” என்றார்.

“எந்த நம்பரு சாமி?” என்றேன்.

எது எங்கே போகும், எது இடது, எது வலது என்று ஆறு வருஷமாக அவர் போட்ட அடையாளம் அது. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் திரும்பிக் கடைக்குப் போயிருப்பேன். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, “பின்பக்கம் இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கே தெரியாது ஓய்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் ஏது? பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓட்டும் ஜெபமலரிடம் மறுநாளே போய், கீறலுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், சொல்லிக்கொடு என்றேன். ‘அ’ போட நாலு நாள் ஆயிற்று. “தாத்தா, பேப்பர் கிழியுது. தகடுன்னு நெனச்சு அமுக்காண்டாம், வெறுதே வரைஞ்சாப் போதும்” என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

காலையில் எழுத்து, மத்தியானம் ஸ்ரீவராகம். நானும் சாமியும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது, ஆனால் தேய்த்தவன் விரலுக்குத் தெரியும். இந்த மூலை என் கட்டைவிரலைக் கிழித்தது, இந்த வளைவில் சக்கரம் துள்ளியது என்று நான் சொல்ல, அப்படியானால் அது கதவுக்கு மேலே என்று அவர் சொல்ல, ஒவ்வொன்றாக இடம் கிடைத்தது. வட்டமாக ஒரு தகடு மட்டும் எங்கும் பொருந்தவில்லை. இரண்டு வாரம் அதோடு போராடினோம். பெட்ரோல் டேங்குக்கு என்றார், ஸ்டெப்னிக்கு என்றார், கடைசியில் நாலு ஓட்டை போட்டு வண்டியின் பின்னால் முறுக்கினார், அற்புதமாக இருந்தது. அன்றைக்குத்தான் மாமி இட்லிக் கொப்பரை மூடியைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சாக்கில் அள்ளும்போது நான் எண்ணவில்லை மாப்பிள்ளை. மாமி அதைக் கழற்றி வாங்கி, முகம் பார்த்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். இப்போது அந்த வீட்டில் இட்லி வெந்தால் நாலு ஓட்டையும் நாலு சுருதியில் விசிலடிக்கிறது.

விஷுவுக்கு மூன்று வாரம் முன்னால் கார் நின்றது. பூட்டுவதற்கு முன்னே ஒவ்வொரு சாமானின் பின்னாலும் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, ‘இடது கதவு மேல்’, ‘வலது லைட்’ என்று நானே எழுதினேன். காகிதத்தில் முதல் கடிதம் எழுதுமுன் அலுமினியத்தில் எழுதினவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் சாமி என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பொன்முடி மலை அடிவாரத்துக் கல்லாறு வரை ஓட்டினார். ரோட்டோரத்து மரமெல்லாம் பானட்டின் மேல் தலைகீழாக ஓடிவந்து என் மடியில் விழுந்தது. கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தினால், பொன்முடிக்குப் போகிற கூட்டம் மொத்தமும் சுற்றி நின்றது. ஒருவர் கிரில்லில் பார்த்துத் தலை சீவினார். எவன் செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. ஆறும் வானமும் அந்தச் சின்னக் காருக்குள் வந்துவிட்டன, அதன் பின்பக்கம் என் எழுத்து இருந்தது. வாயைத் திறந்தபடியே டீயை ஆறவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, விஷு கழிந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபி சாமி என்னை அந்தக் காரிலேயே பணகுடிக்குக் கூட்டிவருகிறார். என் தங்கச்சியைக் கட்டின நாளிலிருந்து, “உங்க அண்ணன் பஸ்ஸில தொங்கிட்டுத்தான் வருவாரு” என்று நீங்கள் சொல்லி வருவது எனக்குத் தெரியும். வாசலில் ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டவும், அது பானட்டில் இன்னொரு ஆட்டைப் பார்த்தால் முட்டும். மாடம்மாளைத் தெருவுக்கு வந்து நிற்கச் சொல்லவும். சாமிக்குச் சைவச் சாப்பாடு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், துலக்கின விளக்கு மாதிரி இருக்க இசக்கியம்மன் துணை. தப்பு இருந்தால் ஜெபமலரைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
இசக்கிப்பாண்டி (கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: இந்தக் கடிதம் எழுதப் பதினோரு நாள் ஆகிவிட்டது. இதற்குள் சாமி, கடல் காற்றுக்கு அலுமினியம் மங்கும் என்று, எல்லாவற்றையும் மறுபடி கழற்றிக் கோட்டிங் போட வெளியூருக்கு அனுப்பினார். நேற்று வந்தது. அங்கே வேலை செய்தவர் நம் பக்கத்து ஆள், நல்ல தொழில்காரர், பின்பக்கத்தையும் விடவில்லை. ஓர் எழுத்துகூட இல்லை, முகம் பார்க்கலாம். முப்பத்தெட்டும் கூடத்தில் கிடக்கிறது. “பாண்டி, வாரும், ஆரம்பிப்போம்” என்கிறார் சாமி. ஆட்டை அவிழ்க்க வேண்டாம். நான் பஸ்ஸில் வருகிறேன். மாமி இட்லிக் கொப்பரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.