காற்றுக்குப் பயந்த சமாரியம் அண்ணன்

மதுரை வட்டாரத்தில் காற்றுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் சமாரியம் அண்ணன்தான். தொண்ணூறுகளில் எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில் இருந்தார். சமாரியம் என்பது அவர் கட்டிக்கொண்டு அழுத உலோகத்தின் பெயர். அவருடைய சொந்தப் பெயரை, ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடே மறந்துவிட்டார்.

அந்த உலோகத்தோடு கார்பனைச் சேர்த்து ஒரு சேர்மம் செய்ய வேண்டும். அதைப் படிகமாக்கி, பெங்களூரில் இருக்கும் எக்ஸ்ரே மெஷினில் காட்டினால்தான் டாக்டர் பட்டம். சேர்மமோ, துளிக் காற்று பட்டாலும் வெளுத்துச் செத்துவிடும். பல வருஷமாக இதே கதை. உதவித்தொகையும் நின்றுபோனது. பேரையூரில் கடை வைத்திருந்த அவருடைய அப்பா, வந்து கல்லாவில் உட்காரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினார்.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. மெஸ்ஸில் சாப்பிடும்போது எங்களுக்கு விளக்கினார்.

"உலோக அணு பெருசு மாப்ள. சுத்தி ஒல்லி ஒல்லியா மூலக்கூறு நின்னா சந்து விழுது, காத்து உள்ள புகுந்துருது. தடியா நிக்க வச்சிட்டா எவன் புகுவான்?"

சொல்லிவிட்டு எங்கள் நால்வரையும் பிரியமாகப் பார்த்தார். விடுதியிலேயே எடை கூடியவர்கள் நாங்கள்தான்.

தடித்த மூலக்கூறுகள் கைகொடுத்தன. கருஊதா நிறத்தில் படிகம் விழுந்தது. அதை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்குக் கிளம்பினார். ஆட்டோ குலுக்கும் என்று டவுன் பஸ். கூட்டம் இடிக்காதபடி நாங்கள் நால்வரும் அவரைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நின்றோம். டிக்கெட் கொடுக்கக் கண்டக்டரின் கைகூட உள்ளே நுழையவில்லை. காளவாசலில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். நான்கு பேரும் மொத்தமாக அவர் மேல் சாய்ந்தோம். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவர் பையிலிருந்து எடுத்தபோது ஊதா வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி எதுவும் குத்திருச்சா மாப்ள?"

இல்லையென்று தலையாட்டினோம். உடைந்த குழாயைக் கைக்குட்டையில் சுருட்டினார்.

"ரொம்ப நெருக்குனாலும் ஆகாது போலருக்கு. அடுத்த தடவ மூணு பேரு போதும்."

மறுபடி படிகம் விழச் சில மாதங்கள் ஆயின. இரண்டாவது குழாய் பத்திரமாக ரயிலேறியது. அந்த மூவரில் நான் இல்லை. ஆனாலும் அதே பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு ஜங்ஷன் வரை போனேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.